கேட்கும் வரியும் கொடுக்கும் வரியும்: வானிலைத் தரவு வலையத்தில் தடம் அமைப்பது

ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் ஒன்றில், எங்கள் துறையின் வானிலை ஆய்வுக்கூடத்துச் சுவர்த்திரையில் ஓடிக்கொண்டிருந்த ராடார் படம் 2 மணி 14 நிமிடத்தில் நின்றுவிட்டது. மேற்கே மேகம் கருத்துத் திரண்டிருந்தது. டொர்னேடோ வரக்கூடும் என்ற கண்காணிப்பு அறிவிப்பு எங்கள் வட்டாரத்துக்கு மதியமே வந்திருந்தது. முன்கணிப்பு வகுப்பு மாணவர்கள் திரையின் முன் நின்றுகொண்டு, அடுத்த படம் வரும் வரும் என்று காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் பொறுத்த பேராசிரியர், தொலைபேசியில் அழைக்காமல் நேரே என் அறைக்கே இறங்கி வந்தார். ராடார் தரவைப் பெறுவதற்கு எங்கள் சர்வரில் இரண்டு வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் கணினிகளை எழுதி வைத்திருந்தோம். ஒன்று நின்றால் மற்றொன்று கைகொடுக்கும் என்பதுதான் ஏற்பாடு. அன்று இரண்டும் ஒரே நிமிடத்தில் வறண்டுபோயின.

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியல் துறையில் நான் கணினி நிர்வாகியாகப் பணியாற்றுகிறேன். துறைக்குள் வரும் வானிலைத் தரவு முழுவதும் ஐடிடி என்று சுருக்கமாக வழங்கும் இணையவழித் தரவு விநியோக வலையத்தின் மூலமாகவே வருகிறது. அந்த வலையத்தில் எங்கள் துறை ஒரு கணு. மேலே சிலரிடமிருந்து தரவை வாங்குகிறோம். கீழே சில கல்லூரிகளுக்குக் கொடுக்கிறோம். அந்த வாங்கலையும் கொடுத்தலையும் எழுதிவைக்கும் அமைவுக் கோப்பைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

கொலராடோ மாநிலத்து போல்டர் நகரில், பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் யூகார் என்ற வளிமண்டல ஆராய்ச்சிக் கூட்டமைப்பின் கீழ், 1984 முதல் இயங்கிவரும் யூனிடேட்டா திட்டம்தான் இந்த வலையத்தைத் தொடங்கியது. அதற்கு முன்னர் ஒரு துறைக்கு நேரடி வானிலைத் தரவு வேண்டுமானால் கூரையில் ஒரு செயற்கைக்கோள் தட்டு வேண்டும். அதற்கான கட்டணமும் வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் இணையம் பல்கலைக்கழகங்களை எல்லாம் இணைத்துவிட்ட நிலையில், தரவு பிறக்கும் இடத்திலிருந்து ஒரு கணினிக்கு, அதிலிருந்து நான்கைந்து கணினிகளுக்கு, அவை ஒவ்வொன்றிலிருந்தும் இன்னும் சிலவற்றுக்கு என்று கைமாற்றி அனுப்பும் முறையை அவர்கள் கொண்டுவந்தார்கள். எல்லாரும் ஒரே களஞ்சியத்தின் வாசலில் போய் நின்று கேட்கவேண்டிய நிலை இதனால் இல்லாமல் போயிற்று. ராடார் ஒரு சுற்றை முடித்ததும் தரவு தானாகவே புறப்பட்டு, யாரும் கேட்காமலே ஒவ்வொரு கணுவாக இறங்கி வந்துவிடும்.

இதைச் செய்யும் மென்பொருளின் பெயர் எல்டிஎம். தரவை வாங்கி, தன்னிடம் உள்ள ஒரு வரிசையில் வைத்து, கேட்டவர்களுக்கு அனுப்பி, துறைக்குள் தேவையான கோப்புகளாகவும் பிரித்து வைப்பது அதன் வேலை. பாசனக்காரர்கள் சொல்லும் மேல்மடை, கீழ்மடை என்ற சொற்களே இங்கு எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகின்றன என்பதால், எனக்குத் தரவு அனுப்பும் கணினியை மேல்மடை என்றும், என்னிடம் வாங்கும் கணினியைக் கீழ்மடை என்றும் குறிப்பிடுகிறேன்.

அமைவுக் கோப்பில் தடத்தைத் தீர்மானிப்பவை இரண்டே வகை வரிகள். "ரிக்வெஸ்ட்" என்று தொடங்கும் கேட்பு வரி, எந்த ஊட்டம் (ஒரு வகைத் தரவின் தொடர் வரத்து) வேண்டும், அந்த ஊட்டத்துக்குள் எவ்வகைப் பொதிகள் (தனித்தனியாக அனுப்பப்படும் அறிக்கை, படம் போன்றவை) வேண்டும், யாரிடமிருந்து வேண்டும் என்று மூன்று செய்திகளைச் சொல்கிறது. "அலவ்" என்று தொடங்கும் அனுமதி வரி, எந்த ஊட்டத்தை எந்தக் கணினிக்குக் கொடுக்கலாம் என்று சொல்கிறது. தேசிய வானிலைச் சேவையின் உரை அறிக்கைகள் ஓர் ஊட்டம். ராடார் படங்கள் ஓர் ஊட்டம். ராடாரின் மூலத் தரவு வேறோர் ஊட்டம். மேரிலாந்தில் உள்ள தேசியக் கணிப்பு மையத்தின், வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் தரும் பெருந்தரவு, காண்ட்யூட் என்ற தனி ஊட்டம். ஒவ்வொரு பொதிக்கும் ஓர் அடையாளச் சரம் உண்டு. சிகாகோ வட்டாரத்து ராடார் படமானால், அந்தச் சரத்தில் எல்ஓடி என்ற மூன்றெழுத்துக் குறி இருக்கும். கேட்பு வரியில் அந்த மூன்றெழுத்தை, சரத்தில் தேட வேண்டிய வடிவமாகக் கொடுத்தால், ஏறத்தாழ 160 ராடார்களின் படங்களில் அந்த ஒன்றின் படங்கள் மட்டும் நம்மிடம் வந்து சேரும். வடிவங்களைப் புள்ளியும் நட்சத்திரமுமாகத் தொடங்கி எழுதும் பழக்கம் புதியவர்களிடம் உண்டு. அதனால் விளைவு மாறுவதில்லை; ஒவ்வொரு பொதியையும் ஒப்பிடும் வேலைதான் வீணாகக் கூடுகிறது. அத்தகைய வடிவத்தைக் கண்டால் எல்டிஎம் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதும். என்னுடன் பணியாற்ற வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த எச்சரிக்கை வரியைத்தான்.

ஒரே ஊட்டத்தை இரண்டு மேல்மடைகளிடம் கேட்டால் எல்லாமே இரண்டிரண்டாக வந்துவிடாதா என்ற கேள்வி இயல்பாக எழும். ஒவ்வொரு பொதியின் உள்ளடக்கத்திலிருந்தும் எம்டி5 முறையில் 128 பிட் நீளமுள்ள கைச்சாத்து ஒன்று கணக்கிடப்பட்டு, அது பொதியோடு சேர்ந்தே பயணிக்கிறது. அதே கைச்சாத்துள்ள பொதி வரிசையில் ஏற்கெனவே இருந்தால், இரண்டாவதாக வருவது மறுக்கப்படும். அது மட்டுமன்றி, ஒரே கேட்பு இரண்டு மேல்மடைகளிடம் செல்லும்போது, எது முந்தித் தருகிறதோ அதனிடமிருந்து பொதிகளை முழுமையாக வாங்கிக்கொண்டு, மற்றதிடம் "இப்படி ஒன்று வருகிறது, வேண்டுமா?" என்று முன்கூட்டியே கேட்கச் செய்து, வேண்டாம் என்று பதில் சொல்லிவிடும் ஏற்பாடும் உண்டு. முந்துவது மாறினால் இந்தப் பங்கும் தானாகவே மாறிக்கொள்ளும். நான் கண்ட வலைய மென்பொருள்களில் இவ்வளவு எளிமையாக, இவ்வளவு நம்பகமாக மாற்றுவழியைக் கையாளும் ஏற்பாடு அரிது. இதை வடிவமைத்தவர்கள்மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு.

அப்படியிருந்தும் அன்று பிற்பகலில் இரண்டு வழிகளும் ஒன்றாக நின்றதன் காரணத்தைத் தேடியபோதுதான், இந்த வலையத்தில் தடம் அமைப்பதன் உண்மையான கடினம் எங்கே இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

ஒவ்வொரு பொதியும் தான் பிறந்த கணினியின் பெயரைச் சுமந்து வருகிறது. நாம் அதைப் பெறும்போது, அந்தப் பெயரின் பின்னே இரு அடிக்கோடுகளுக்கு இடையில் "வி" என்ற ஒற்றை ஆங்கில எழுத்து இட்டு, நமக்கு நேரடியாக அனுப்பிய மேல்மடையின் பெயர் சேர்க்கப்படுகிறது. இன்ன இடத்தில் பிறந்து, இன்னார் வழியாக வந்தது என்று அதைப் படிக்க வேண்டும். பொதி ஆறு கைகள் மாறி வந்திருந்தாலும் முதல் பெயரும் கடைசிப் பெயரும் மட்டுமே நமக்குத் தெரியும். நடுவில் இருந்த நான்கு பேரும் எங்கள் பதிவேட்டில் எந்த இடத்திலும் இல்லை. எங்கள் மேல்மடையின் பதிவேட்டில் அவர்களுடைய மேல்மடையின் பெயர் இருக்கும். அதற்கு மேலே இருப்பவரின் பெயர் அவர்களுக்கும் தெரியாது. ஒரு பொதி பிறந்தது முதல் எங்கள் திரைக்கு வருவது வரை உள்ள முழுத் தடம் எந்த ஒரு கோப்பிலும் எழுதப்படவில்லை. அவரவர் தம் கைக்கு எட்டும் ஓர் எட்டை, அதாவது ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்கான ஒரே அடியை, மட்டும் எழுதுகிறோம்; அந்த எட்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் தடம் உருவாகிறது.

ஒவ்வொரு கணுவும் தான் பெறும் ஊட்டங்களின் அளவையும் தாமதத்தையும் இந்த இரட்டைப் பெயரையும் யூனிடேட்டாவின் புள்ளிவிவரச் சர்வருக்குத் தொடர்ந்து அனுப்பும்படி அமைக்கலாம். பெரும்பாலான கணுக்கள் அனுப்புகின்றன என்பதால், அந்தத் தொகுப்பிலிருந்து ஒவ்வொருவரின் மேல்மடையையும் பார்த்து, மேல்நோக்கி ஒவ்வோர் எட்டாக நாமே ஏறிச் சென்று பார்க்கலாம். அன்று மாலை நான் ஒரு தாளில் அம்புக்குறிகளாக வரைந்து பார்த்தேன். எங்கள் முதல் மேல்மடை ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின், தரவைக் கைமாற்றி அனுப்பும் அஞ்சல் கணினியிடமிருந்து ராடார் படங்களை வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது மேல்மடைக்கு மேலே, எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு மாநிலத்துக் கல்லூரி நடுவில் இருந்தது. அந்தக் கல்லூரி வாங்கியதும் அதே பெரிய பல்கலைக்கழகத்தின் அதே அஞ்சல் கணினியிடமிருந்துதான். தாளில் இரண்டு அம்புகளும் ஒரே புள்ளியில் போய் முட்டின. அந்தக் கணினியில் ஒரு வட்டு பழுதானதும் எங்கள் இரண்டு வழிகளும் சேர்ந்தே அடைபட்டுவிட்டன.

இதில் யாரையும் குறைசொல்ல இடமில்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் இரண்டாவது மேல்மடை சில மாதங்களுக்கு முன்வரை வேறொருவரிடம் வாங்கிக்கொண்டிருந்தது. தாமதம் கூடியதால் தங்கள் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றிக்கொண்டார்கள். அது அவர்களுடைய உரிமை. அவர்கள் அளவில் சரியான முடிவும்கூட. அந்த ஒரு வரி எங்கள் மாற்றுவழியை இல்லாமல் ஆக்கிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. எங்கள் கோப்பில் எதுவுமே மாறாததால் எங்களுக்கும் தெரியவில்லை. இரண்டு கேட்பு வரிகள் எழுதப்பட்டிருக்கும் கோப்பைப் பார்த்து, இரண்டு வழிகள் இருக்கின்றன என்று நம்பியது என் பிழை. வழிகளின் எண்ணிக்கையை அவை பிரியும் இடத்தில் எண்ணக் கூடாது. எவ்வளவு தூரம் மேலே போனால் அவை கூடுகின்றன என்பதைப் பார்த்து எண்ண வேண்டும். அன்று முதல் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, எங்கள் ஒவ்வோர் ஊட்டத்துக்கும் உள்ள இரண்டு தடங்களையும் பிறப்பிடம் வரை ஏறிப் பார்த்து எழுதி வைக்கிறேன். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேர வேலை. எங்கள் ராடார் ஊட்டத்துக்கான தடங்களில் ஒன்று இப்போது, தன் சொந்தச் செயற்கைக்கோள் தட்டில் தேசிய வானிலைச் சேவையின் ஒளிபரப்பை வாங்கி வலையத்துக்குள் செலுத்தும் ஒரு கணுவிலிருந்து வருகிறது. மற்றொன்று வேறொரு தட்டிலிருந்து புறப்படுகிறது. மார்ச் மாதத்திலும் அக்டோபரை ஒட்டிய நாள்களிலும் சூரியன் செயற்கைக்கோளின் நேர் பின்னே வரும் சில நிமிடங்களில் ஒரு தட்டு குருடாகிவிடும். இரண்டு தட்டுகளும் வெகு தொலைவில் இருந்தால், இரண்டும் ஒரே நிமிடத்தில் பாதிக்கப்படுவதில்லை. இதையும் கணக்கில் கொண்டுதான் அந்த இரண்டாவது கணுவைத் தேர்ந்தெடுத்தோம்.

மாற்றுவழி தேடும் ஆர்வத்தில் நாங்கள் செய்த இன்னொரு பிழையையும் விரிவாகச் சொல்லவேண்டும். அண்டை மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றும் நாங்களும் ஒருவருக்கொருவர் மாற்றாக இருப்பது என்று பேசி முடிவு செய்தோம். அவர்கள் எங்களிடம் கேட்பார்கள், நாங்கள் அவர்களிடம் கேட்போம். நான் பெற்ற பொதியை அவர்களுக்கு அனுப்பி, அவர்கள் அதையே எனக்குத் திருப்பி அனுப்பினாலும், கைச்சாத்து ஒன்றாக இருப்பதால் என் வரிசை அதை மறுத்துவிடும், சுழற்சி ஏற்படாது. அப்படித்தான் நினைத்தோம். சில வாரங்கள் அப்படித்தான் இயங்கவும் செய்தது.

அதன்பின் நாங்கள் ராடாரின் மூலத் தரவையும் காண்ட்யூட் ஊட்டத்தையும் புதிதாகச் சேர்த்தோம். எல்டிஎம்மின் வரிசை, வட்டில் ஒரு குறிப்பிட்ட அளவில் வைக்கப்பட்டுள்ள ஒரே கோப்பு. நிறுவும்போது இயல்பாகக் கிடைக்கும் அளவு 500 மெகாபைட். நாங்கள் அதை மாற்றவே இல்லை. புதிய பொதிக்கு இடம் வேண்டுமென்றால் மிகப் பழைய பொதி வெளியேற்றப்படும். பெருந்தரவு பாயத் தொடங்கியதும், முன்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் தங்கிய பொதிகள் ஏழு, எட்டு நிமிடங்களில் வெளியேறத் தொடங்கின. வரிசையை விட்டுப் பொதி வெளியேறும்போது அதன் கைச்சாத்தும் சேர்ந்து மறக்கப்படுகிறது. ஒரு நாள் அண்டைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் நெரிசல் ஏற்பட்டு, அவர்களிடமிருந்து வருவது பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானபோது, எங்களிடமிருந்து போன பொதிகளே திரும்பி வந்து நின்றன. எங்கள் வரிசைக்கு அவற்றை அடையாளம் தெரியவில்லை. புதிய பொதிகள் என்று ஏற்றுக்கொண்டு, மீண்டும் அவர்களுக்கும் எங்கள் கீழ்மடைகள் எல்லாவற்றுக்கும் அனுப்பியது. அவர்களுடைய வரிசையும் சிறியது; அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

கடுமையான இடிமழை எச்சரிக்கை ஒன்று ஒரே மணி நேரத்தில் நான்கு முறை எங்கள் அறிவிப்புப் பலகையில் ஏறியதைப் பார்த்துத்தான் இது வெளியே தெரிந்தது. ஏற்கெனவே காலாவதியான எச்சரிக்கையைப் புதியதென்று எண்ணி, ஒரு மாணவி தன் தோழிகளை அடித்தளத்துக்கு அழைத்துச் சென்றிருந்தாள். பிறந்து 3600 நொடிகளைக் கடந்த பொதியை ஏற்பதில்லை என்ற விதி எல்டிஎம்மில் இயல்பாகவே இருப்பதால், எந்தப் பொதியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றவில்லை. அந்த விதி இல்லாதிருந்தால் இரண்டு பல்கலைக்கழகங்களின் கீழ்மடைகளும் அன்று மூழ்கியிருக்கும்.

இதற்கான தீர்வு எளிமையானது: ஏற்கத்தக்க அதிகபட்சத் தாமதம் எவ்வளவோ, அதைவிட அதிக நேரம் பொதி வரிசையில் தங்க வேண்டும். வரிசையில் உள்ள மிகப் பழைய பொதியின் வயதை ஒரு கட்டளை காட்டும். அந்த எண் உச்ச நெரிசல் நேரத்திலும் 3600 நொடிக்குக் குறையாத அளவுக்கு வரிசையைப் பெரிதாக்கினோம். அதற்காக நினைவகமும் கூட்டினோம். புதிய ஊட்டம் ஒன்றைச் சேர்க்கும்போது கேட்பு வரியை எழுதுவதற்கு முன்னர் வரிசையின் அளவைக் கணக்கிட வேண்டும் என்பது இப்போது எங்கள் வழக்கம். வரிசையின் அளவு என்பது சேமிப்பு சார்ந்த விஷயம், தடம் சார்ந்ததன்று என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்த வலையத்தில் ஒரு கணு எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கிறது என்பதே, அதை எந்தச் சுற்றில் நம்பிச் சேர்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

காண்ட்யூட் ஊட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதன் கேட்பு வரிகளைப் பார்த்த ஒவ்வொருவரும் அவை தவறாக எழுதப்பட்டவை என்று நினைக்கிறார்கள். ஒரே மேல்மடையிடம் ஐந்து வரிகளில் கேட்கிறோம். வடிவங்கள் முறையே [05]$, [16]$, [27]$, [38]$, [49]$. டாலர் குறி, சரம் இதோடு முடிய வேண்டும் என்பதைக் குறிக்கும். காண்ட்யூட் பொதிகளின் அடையாளச் சரம் ஒரு வரிசை எண்ணோடு முடிவதால், கடைசி இலக்கம் சுழியமோ ஐந்தோ ஆனவை முதல் வரியிலும், ஒன்றோ ஆறோ ஆனவை இரண்டாவது வரியிலும் என்று ஐந்து சம பங்குகளாகப் பிரிகின்றன. ஒவ்வொரு வரியும் தனித்தனி இணைய இணைப்பை (டிசிபி) திறக்கிறது. தொலைவு மிகுந்த இடத்திலிருந்து ஒரே இணைப்பில் வாங்கும்போது, போய்வரும் நேரத்தினால் அந்த இணைப்பின் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு ஏற்பட்டுவிடுகிறது. உலக மாதிரியின் முடிவுகள் நாளுக்கு நான்கு முறை வெள்ளமாக வரும் நேரங்களில் தாமதம் ஏறிக்கொண்டே போய், ஒரு மணி நேரத்தைத் தொட்டதும் பொதிகள் விடுபடத் தொடங்கும். ஐந்தாகப் பிரித்த அன்றே எங்கள் தாமத வரைபடத்தில் இருந்த மலைமுகடுகள் தணிந்து சிறு மேடுகளாயின.

தாமத வரைபடத்தை நம்புவதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். ஒரு முறை சர்வரை மீண்டும் நிறுவிய பிறகு எல்லா ஊட்டங்களும் ஏறத்தாழ 240 நொடி தாமதமாக வருவதாக வரைபடம் காட்டியது. மேல்மடை நிர்வாகிக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவர் தன் இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தேடினார். சிறிய உரை அறிக்கைக்கும் பெரிய மாதிரித் தரவுக்கும், இரண்டு வெவ்வேறு மேல்மடைகளுக்கும் ஒரே அளவு தாமதம் எப்படி வரும் என்று மறுநாள் காலையில்தான் எனக்குத் தோன்றியது. எங்கள் சர்வரில் நேரம் ஒத்திசைக்கும் சேவை தொடங்கப்படவே இல்லை. கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடியது. அவரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். வலையத்தில் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள். மேல்மடைக்குப் புகார் எழுதுவதற்கு முன்னர் நம் பக்கம் முழுவதையும் சோதித்துவிடுவது அவர்களுக்கு நாம் காட்டவேண்டிய மரியாதை.

இதுவரை கேட்பு வரிகளைப் பற்றியே பேசியிருக்கிறேன். அனுமதி வரிகள் அவற்றைவிட அமைதியானவை; ஆனால் பிறருக்குச் சேதம் விளைவிக்கக்கூடியவை அவைதாம். கீழ்மடைக் கணினி எங்கள் சர்வரின் 388ஆம் போர்ட்டுக்கு (இணைப்பு வாசலுக்கு) இணைப்புக் கேட்டு வரும்போது, அதன் இணைய எண்ணிலிருந்து பெயரைத் தேடிப் பார்த்து, அந்தப் பெயர் அனுமதி வரியின் வடிவத்தோடு பொருந்துகிறதா என்று எல்டிஎம் பார்க்கும். ஒரு கல்லூரி தன் வலையமைப்பை மாற்றியமைத்தபோது எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்பும் பதிவை இட மறந்துவிட்டது. எங்கள் சர்வருக்கு அந்தக் கணினி வெறும் எண்ணாகத் தெரிந்து, மறுக்கப்பட்டது. மூன்று நாள்கள் அவர்களுக்குத் தரவு போகவில்லை. எங்கள் பதிவேட்டில் மறுப்புச் செய்தி சில நொடிகளுக்கு ஒரு முறை விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் எங்கள் ஊட்டங்கள் வருகின்றனவா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். வடிவத்தின் முடிவில் டாலர் குறி விடுபட்டால், நாம் நினைத்த பெயரோடு தொடங்கி வேறெங்கோ முடியும் பெயருடைய கணினியும் உள்ளே வந்துவிடும். புள்ளிகளுக்கு முன்னே பின்சாய்கோடு விடுபட்டால், புள்ளி எந்த எழுத்தாகவும் இருக்கலாம் என்று பொருளாகிவிடும். இவை சிறு பிழைகள். எங்கள் கோப்பில் இரண்டும் ஆண்டுக்கணக்கில் இருந்தன.

பழைய சர்வரை ஓய்வுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, அனுமதி வரிகள் 19 இருந்தன. அவற்றில் யார் யார் உண்மையில் வாங்குகிறார்கள் என்று பதிவேட்டைக் கொண்டு பார்த்தால், இணைப்பில் இருந்தவர்கள் 7 பேர். அறுவரை எனக்குத் தெரியும். எல்லாருக்கும் எழுதினேன், புதிய பெயருக்கு மாறிக்கொண்டார்கள். ஏழாவது, ஒரு சிறு கல்லூரியின் பெயரோடு முடியும் கணினி. உரை அறிக்கைகளை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வரிக்கு மேலே, எனக்கு முன் பணியில் இருந்தவர் எழுதிய குறிப்பு எதுவும் இல்லை. அந்தக் கல்லூரியில் வானிலைத் துறையே இல்லை. அவர்களுடைய கணினிப் பிரிவுக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வராததால் தொலைபேசியில் அழைத்தேன். நான்கு கை மாறிக் கடைசியில் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் எடுத்தார். வளாகத்தின் வெளிப்புற விளையாட்டுத் திடல்களில் இடி, மின்னல் எச்சரிக்கை ஒலிக்கும் சங்கு அந்த ஊட்டத்தைக் கொண்டுதான் இயங்குகிறது என்றார். அதை அமைத்த மாணவர் பட்டம் பெற்றுப் போய் ஒன்பது ஆண்டுகளாகிவிட்டனவாம். தரவு எங்கிருந்து வருகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அது எங்கே போகிறது என்று இங்கே யாருக்கும் தெரியாது. அந்த வாரக் கடைசியில் நான் அறிவித்தபடி பழைய சர்வரை நிறுத்தியிருந்தால், அந்தச் சங்கு ஒலிக்காமல் போயிருக்கும். ஒலிக்காத சங்கை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பழைய பெயரைப் புதிய சர்வருக்கே சுட்டும்படி செய்துவிட்டு, பேராசிரியரோடு தொலைபேசியில் இருந்தபடியே அவர்களுடைய கேட்பு வரியை மாற்றினோம். அவர்கள் கோப்பில் ஒரே ஒரு மேல்மடைதான் இருந்தது. இரண்டாவதாக யூனிடேட்டாவின் பொதுச் சர்வர் தொகுப்பையும் எழுதச் சொன்னேன்.

அதன்பிறகு எங்கள் அமைவுக் கோப்பு, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்துக்குள் சென்றுவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் மேலே, யாரிடம் பேசி எழுதப்பட்டது, எந்தத் தேதியில், எந்தத் தேவைக்காக, மறுமுனையில் யாரை அழைக்க வேண்டும் என்ற நான்கு செய்திகள் இருந்தாக வேண்டும். அவை இல்லாத வரியை நான் சேர்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வோர் அனுமதி வரிக்கும் உரியவருக்கு எழுதி, இன்னும் வேண்டுமா, எதற்குப் பயன்படுகிறது என்று கேட்கிறேன். இந்தக் கோப்பை எல்டிஎம் தொடங்கும்போது மட்டுமே படிக்கும் என்பதால், ஒரு வரியை மாற்றினாலும் முழுவதையும் நிறுத்தித் தொடங்க வேண்டும். கீழ்மடைகள் அனைவரின் இணைப்பும் அறுந்து மீண்டும் வரும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வாங்கிக்கொள்ள அவற்றுக்குத் தெரியும் என்றாலும், மாதிரி முடிவுகள் வரும் நேரத்திலும், எங்கள் கீழ்மடைகளில் எவருடைய வட்டாரத்துக்கேனும் எச்சரிக்கை நடப்பில் இருக்கும் நேரத்திலும் நான் மறுதொடக்கம் செய்வதில்லை.

2025 மே மாதத்தில், அரசு நிதி வரத்து இடையில் நின்றதால் யூனிடேட்டா தன் பணிகளில் பெரும்பகுதியை நிறுத்திவைத்து, ஊழியர்களில் பெரும்பாலோரைத் தற்காலிக விடுப்பில் அனுப்பியதாக அறிவித்தது. அறிவிப்பைப் படித்த அன்றிரவே எங்கள் கோப்பைத் திறந்து ஒவ்வொரு தடத்தையும் மேல்நோக்கி ஏறிப் பார்த்தேன். நேரடியாக போல்டரைச் சாராத ஊட்டங்களிலும் பாதிக்கு மேற்பட்டவை இரண்டு அல்லது மூன்று எட்டுகளுக்கு மேலே போல்டர் தொகுப்பையே வந்தடைந்தன. இத்தனை ஆண்டுகளாக நாங்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பின்னால், அந்தத் தொகுப்பை யாரோ சிலர் இரவும் பகலும் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற எழுதப்படாத வரி ஒன்று இருந்தது. அவர்களில் பலரிடம் எத்தனையோ இரவுகளில் கேள்வி கேட்டு, மறுமொழி பெற்றிருக்கிறேன். அவர்களை எண்ணி அன்றிரவு மனம் கனத்தது.

மறுநாள், வேறு வழியே செயற்கைக்கோள் தரவைச் செலுத்தும் இரண்டு கணுக்களின் நிர்வாகிகளுக்கு எழுதி, உரை அறிக்கைகளுக்கும் ராடார் படங்களுக்கும் அனுமதி பெற்றேன். இயற்பியல் பேராசிரியரின் கல்லூரிக்கும் அழைத்தேன். அவர்களுடைய இரண்டாவது கேட்பு வரியில் எங்கள் அண்டைப் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதினோம். அதற்கு மேலே, அவரே தன் கைப்பட, தேதியையும் சங்கைப் பற்றிய குறிப்பையும் என் தொலைபேசி எண்ணையும் சேர்த்தார்.